சத்தம் கடைசியில் வரும்

எட்வர்டின் மகள் ஷைனி கையால் தொட்டுக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் சத்தம் போடாது என்பது 2016ஆம் ஆண்டு மே மாதம் புதுவாயலில் உறுதியானது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. முதலில் மிக்ஸி. அவள் மூடியை அழுத்திப் பிடித்திருந்தபோது தேங்காய் அரைபட்டது, மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அவளுடைய அம்மா விக்டோரியா சுவிட்சை மூன்று முறை போட்டு அணைத்தாள். மறுநாள் இரும்பு கேட். அதற்கடுத்த நாள் அப்பாவின் பைக். பின்சீட்டில் உட்கார்ந்து ஷைனி கம்பியைப் பிடித்துக்கொண்டதும் வண்டி காற்றைப் போல ஓடியது, எதிரே வந்த எருமை கடைசி நொடியில்தான் விலகியது. எட்வர்டு வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டியில் குறை இல்லை, பிள்ளையை இறக்கிவிட்டு ஓட்டுங்கள் என்றார். கும்மிடிப்பூண்டியில் ஒரு காது டாக்டர் மூன்று பேரின் காதையும் சோதித்து, ஆறு காதும் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். சபையில் ஒரு வாரம் ஜெபித்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது, எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

விக்டோரியா கீபோர்டு சொல்லிக்கொடுத்த முறைதான் இதற்குக் காரணம் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். அவள் செங்குன்றத்தில் ஒரு சர்ச்சில் ஆர்கன் கற்று, வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை தேறியவள். எட்டாம் கிரேடு அவளுடைய கனவாக இருந்தது. கல்யாணம் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டது. எட்வர்டின் அப்பாவும் தாத்தாவும் எளாவூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் நெல் நட்டவர்கள். எட்வர்டு பதினெட்டு வயதிலேயே கம்பி உருட்டும் ஆலைக்குப் போய், பழுத்த இரும்பை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் செலுத்தும் வேலையில் நிலைத்துவிட்டார். ஆலை நிற்கும் இடம் ஒருகாலத்தில் குப்புராஜின் குடும்பத்து நெல் வயல். நிலத்தை விற்ற குப்புராஜ் அதே ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டராகி, அந்த ஆட்கள் தங்குவதற்கு நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஐந்து வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். அதில் மூன்றாவது வீடு எட்வர்டுடையது. அதன் முன்னறையில் 2010இல் விக்டோரியா வகுப்பைத் தொடங்கினாள்.

மற்ற நான்கு வீடுகளிலும் இரவு ஷிப்ட் ஆட்கள் இருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மாலைதான் எழுவார்கள். வகுப்பின் முதல் வாரத்திலேயே கண் சிவந்த மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். குப்புராஜ் நேரில் வந்தார். "கிளாஸு நடத்து டீச்சர், நான் வேணாங்கல. ஆனா சத்தம் ரூமத் தாண்டக் கூடாது. பசங்க தூங்கலன்னா அங்க கையிதான் போவும்" என்றார். ஹெட்போன் வாங்கலாம் என்றார் எட்வர்டு. விக்டோரியா வாங்கவில்லை, கீபோர்டின் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாள். வேறு வழியில்லாமல் செய்த காரியம் ஆறு மாதத்தில் அவளுக்குக் கொள்கையாகிவிட்டது. சத்தம் இல்லாத கட்டைகளில் பழகிய பிள்ளைகளின் விரல்கள் ஒரே உயரத்தில் எழுந்து ஒரே கனத்தில் விழுவதை அவள் பார்த்தாள். சத்தம் ஆளை ஏமாற்றும், காதுக்கு இனித்தால் விரலின் தப்பு தெரியாது என்று பெற்றோர்களிடம் விளக்கினாள். பிள்ளைகளின் புறங்கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைப்பாள். வாசித்து முடிக்கும்வரை அது விழக்கூடாது. விழுந்தால் மர ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று. யாராவது சத்தம் கேட்டால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சத்தம் கடைசியில வரும்."

ஒரு வருடம் ஊமைக் கட்டையில் பழகிய பிறகு, தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சத்தம் கொடுக்கப்படும். பலர் முதல் சுரத்தைக் கேட்டதும் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். ஆனால் ஒருவரும் தோற்றதில்லை. அதனால் ஆலைகளின் மேனேஜர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு வருடம் என்றால் ஷைனிக்கு அது முடியவே இல்லை. ஐந்து வயதில் உட்கார்ந்தவளுக்கு, எட்டாம் கிரேடு வரை போக வேண்டிய கை என்று சொல்லி, ஆறு வருடம் வால்யூம் ஏற்றப்படவில்லை. ஏழாம் வருடம் ஏற்றப்பட்டபோது பயன் இல்லை. அவள் தொட்ட கீபோர்டு வாய் திறக்கவில்லை.

2018இல் விக்டோரியா பிடிவாதமாக அவளைச் சென்னைக்குத் தேர்வுக்கு அழைத்துப் போனாள். மூன்று கீபோர்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். தேர்வாளர், விரல்கள் மிகச் சிறப்பு, மதிப்பெண் கொடுக்க ஒலி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாளிலிருந்து பயிற்சி இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரமானது, ஸ்கேலும் மாறியது, இரும்பு ஸ்கேல். அது ஷைனியின் முட்டியில் விழும்போதும் சத்தம் வராது என்பதால் பின்னறையில் இருக்கும் எட்வர்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த ஷைனி வேறு. அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுக்கும் வாரங்களில், விடுமுறை நாளென்றால் ஷைனி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். பெரிய பொருளைத் தொட்டால் அதற்குள் இருக்கும் எல்லாமே அடங்கிவிடும் என்பதை அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். வீடு முழுவதும் அடங்கும். லாரிகள் போகும் நெடுஞ்சாலையும் கேட்காது. எட்வர்டு தன் வாழ்நாளில் தூங்காத தூக்கமெல்லாம் அந்த வாரங்களில் தூங்கினார்.

ஷைனி பிளஸ் டூ முடித்த வருடம், 2023 ஜூனில், குப்புராஜ் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். ஆலையின் இரைச்சல் தாங்கவில்லை என்று சுற்றுப்பட்டு கிராமங்கள் மனு கொடுத்திருந்தன. சத்தத்தை அளக்க அதிகாரிகள் வரப்போகிறார்கள்; ஆலை ஓடும்போதுதான் அளக்க வேண்டும், நிறுத்தி வைத்து ஏமாற்ற முடியாது.

"பாப்பா உள்ளக்கூட வர வேணாம்" என்றார் குப்புராஜ். "ஷெட்டுக்கு வெளிய, பின்னாண்ட நின்னுகினு தகரத்துல கைய வெச்சா போதும். அவங்க வேலிக்கு அந்தாண்டயே அளந்துகினு போயிடுவாங்க. ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு."

எட்வர்டு உட்காராமலே பேசினார். "வேணாம் நைனா. உள்ள நாங்க இன்னா கண்ண வெச்சிகினா வேல பாக்கறோம்? காத வெச்சி. கம்பி தாறுமாறா துள்ளப்போவுதுன்னா மொதல்ல ரோலு கொரலு மாறும். அதக் கேட்டுத்தான் நவுறுவோம். சத்தம் இல்லன்னா நாங்க குருடு."

"ரெண்டு மணி நேரத்துல இன்னா ஆயிடப் போவுது எட்வர்டு? ஆல மூடிட்டா நானூறு குடும்பம் எங்க போவும்?"

எட்வர்டு மனைவியைப் பார்த்தார். விக்டோரியா மாம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "பதிமூணு வருஷம் அந்தக் கையோட மல்லாடினேன்" என்றாள். "ஒண்ணுத்துக்கும் ஆவல. இதுக்காவது உதவட்டும்."

ஷைனி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட் ஆடியது, சத்தமில்லாமல்.

ஆலையின் ஆவணங்களில் அவள் துப்புரவுப் பிரிவு ஊழியர். அதிகாரிகள் எட்டு முறை வந்தார்கள். எட்டு முறையும் அவர்களுடைய கருவியில் காக்கை கரைவதும் வேலியோரம் ஆடு மேய்ப்பவர் இருமுவதும் தெளிவாகப் பதிவாயின. மனு கொடுத்த கிராமத்தார் அந்த இரண்டு மணி நேரம் வெளியே வந்து நின்று, தங்கள் ஊரில் இத்தனை குருவிகள் இருக்கின்றனவா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆலைக்குச் சிறந்த சுற்றுச்சூழல் பராமரிப்புக்கு ஒரு கேடயம் வந்தது. அந்த நாட்களில் எட்வர்டு மற்றவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, தானே முதல் இடுக்கியைப் பிடிப்பார். ஒன்பதாவது முறை, 2024 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஷைனிக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு, "நாஷ்டா துன்னுட்டு போ கண்ணு. அவங்க போனதும் ஒடனே கைய எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சூடான தகரத்தில் கையை வைத்துத் தைலமரங்களைப் பார்த்தபடி ஒன்றே கால் மணி நேரம் நின்றாள். குப்புராஜ் தூரத்தில் துண்டை ஆட்டினார். கையை எடுத்தாள். ஆலையின் சத்தம் திரும்பி வந்தது, அதோடு ஆட்கள் கத்தும் சத்தமும் வந்தது. பழுத்த கம்பி பாதை மாறித் துள்ளி எட்வர்டின் இடுப்பைச் சுற்றி, அப்போதே இருபது நிமிடம் ஆகியிருந்தது. துள்ளும் கம்பியைத் தாண்டி யாராலும் ஸ்விட்சுக்குப் போக முடியவில்லை; அதன் அருகே இருந்தவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கும் வரை உருளைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

அடக்கத்தில் குப்புராஜ் உண்மையாகவே அழுதார். அது யாருடைய தப்பும் இல்லை என்று எல்லோரும் ஷைனியிடம் சொன்னார்கள். அவ்வளவு பேர் சொன்னதால் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பதினாறாம் நாள் காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். விக்டோரியா கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காவது உதவுச்சி இல்ல?" என்று கேட்டுவிட்டு ஷைனி கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

திருநின்றவூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் ஏற்றும் வேலை. தட்டச்சுச் சத்தமே வராததால் அவள் வேலை செய்யவில்லை என்று நினைத்த சூப்பர்வைசர், மாதக் கடைசியில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஹாஸ்டலுக்கு எதிரே, டூவீலர் ஒர்க் ஷாப்பின் மாடியில், கோபால் என்பவர் கீபோர்டும் கிதாரும் கற்றுக்கொடுத்தார். அவருடைய முறை விக்டோரியாவுக்கு நேர் எதிரானது. நோட்டுப் புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது. முதல் மாதம் முழுவதும் கைக்கு வந்ததை அடிக்கலாம். "தப்பு பண்ணா சத்தமா பண்ணு. மெதுவா பண்ற தப்பத் திருத்தவே முடியாது" என்பார். ஸ்பீக்கரை எப்போதும் முழு அளவில் வைத்திருப்பார். பாதி வகுப்பில் டீ குடிக்கப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார். அவரிடம் கற்றவர்கள் யாரும் எதிலும் தேறியதில்லை. ஒரு வருடத்தில் பெற்றோர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், தூக்கம் கெட்ட கோபத்தில், ஷைனி மாடியேறிப் போய் அவருடைய ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தாள். பத்துப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்த வகுப்பு ஒரே நொடியில் செத்தது.

கோபால் அவளையும் அவள் கையையும் பார்த்தார். ஷைனி சொன்னாள், சுருக்கமாக, மிக்ஸியிலிருந்து ஆலை வரை. அவர் வியக்கவில்லை. இருப்புக் கேட்கிற கடைக்காரரைப் போல, "அவ்ளோ சத்தமும் எங்க போச்சி?" என்றார்.

எட்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை, பாஸ்டரும் கேட்கவில்லை.

"கட்டயத் தொடாத. மொதல்ல வாயால பாடு. உனக்கு இன்னா கேக்கணுமோ அதப் பாடு. அப்பறம் அத எதிர்பாத்துக்கினே கைய வை" என்றார். ஷைனி கூச்சத்தோடு ஒரு சுரத்தை முனகினாள். கையை வைத்தாள். கீபோர்டிலிருந்து, 2016 மே மாதத்து மிக்ஸியில் தேங்காய் அரைபடும் சத்தம் வந்தது.

அதன்பிறகு எல்லாம் வரிசையாக வந்தன. கேட். பைக். பள்ளிக்கூட டெஸ்க். ஒருமுறை வந்தது மறுமுறை வரவில்லை. வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து வாசித்த பாடங்களும் சேர்ந்து வந்தன. அது எப்படி என்று கோபாலுக்குத் தெரியவில்லை, அவர் ஆராயவும் இல்லை. ஒரு ஞாயிறு மதியத்துக்கு மூன்று மாதச் சத்தம் என்று கணக்கானது. அக்டோபரில் ஷைனி அம்மாவுக்குப் போன் செய்தாள். வந்தால் கேட்கலாம் என்று மட்டும் சொன்னாள். விக்டோரியா வந்தாள். கவரைப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஜன்னல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவள் விரல்களைப் பார்த்து மட்டுமே மதிப்பிட்ட பாடங்களை இப்போது காதால் கேட்டாள். பன்னிரண்டு வயது ஷைனி, பதின்மூன்று வயது ஷைனி. அந்த வாசிப்பில் குறை இல்லை. தெருவில் போனவர்கள் ஒர்க் ஷாப் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். அப்படி வாசிக்கிற ஒருத்தியைத் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்றுதான் விக்டோரியா வகுப்பே தொடங்கினாள். ஆனால் பாட்டின் நடுவே, ஒவ்வொரு நாலைந்து வரிக்கும், வேறொரு சத்தம் குறுக்கிட்டது. சட். மறுபடியும் வாசிப்பு. மறுபடியும் சட். அது என்ன தாளம் என்று கோபால் கேட்டார். விக்டோரியாதான் சொன்னாள்.

"ஸ்கேலு சார். நான் அடிச்சது."

கோபால் டீ குடிக்கக் கீழே போனார். அந்தப் பாடம் முடிய நாலு ஞாயிறு ஆனது. விக்டோரியா ஒரு ஞாயிறையும் தவறவிடவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

2025 ஏப்ரலில் ஆலை வந்து சேர்ந்தது. முதல் நாளே ஒர்க் ஷாப்பின் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டது. பிள்ளைகளின் பெற்றோர்கள் வந்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எட்டு வருகைகள் எட்டுத் தடவையாகக் கடந்தன. ஜூன் மாதம் முதல் ஞாயிறு, ஷைனி கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"இன்னிக்கு அப்பா" என்றாள்.

"தெரியும்" என்றாள் விக்டோரியா.

"ஒருவாட்டிதான் கேக்கும். வேணாம்னா எழுந்து போயிடு."

"நான் எங்கடி போவேன்? வாசி."

ஷைனி கையை வைத்தாள். ஆலை ஓடியது. அப்பா சொன்ன அந்தக் குரல் மாற்றம் தெளிவாகக் கேட்டது. ஆலையைப் பார்த்தே இராத கோபால்கூட நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். ஆறேழு நொடி இருந்தது அது. நகர்ந்து போக ஆறேழு நொடி போதும். பிறகு இரும்பு தரையில் அடிக்கும் சத்தம். பிறகு எட்வர்டு.

அவர் ஸ்விட்ச் அருகே இருந்தவரைக் கூப்பிடவில்லை. "ஷைனி!" என்றார். "ஷைனி, கைய எடும்மா! கைய எடு கண்ணு!"

ஷைனி கையை எடுத்தாள்.

அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. விக்டோரியா நாற்காலியிலிருந்து எழுந்து, மகளின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் எடுத்து, முட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஏதோ சொன்னாள். ஷைனியின் கை அவளைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை, ஷைனிக்கும்தான். அவள் திரும்பச் சொல்லவில்லை. மாலை ஐந்தேகால் ரயிலுக்குப் போய்விட்டாள்.

மீதி இருபது நிமிடத்தையும் வாசித்து முடித்துவிட்டால் கை சரியாகிவிடும், அதன்பிறகு எல்லோரையும் போல வாசிக்கலாம் என்று கோபால் பலமுறை சொல்லிப் பார்த்தார். அந்த இருபது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் அதற்குப் பிறகு கீபோர்டைத் தொடவில்லை. கோபால் இரண்டு மாதம் வகுப்பு நடத்தவில்லை. பின் ஆவடிப் பக்கம் இடம் மாற்றிக்கொண்டார். புதுவாயலில் விக்டோரியா திங்கட்கிழமை காலையில் எல்லாக் கீபோர்டுகளின் வால்யூமையும் முழுதாக ஏற்றி வகுப்பை ஆரம்பித்தாள். இரவு ஷிப்ட் ஆட்கள் சுவரை இடித்தார்கள். அவள் குறைக்கவில்லை. இப்படி ஆரம்பத்திலேயே சத்தம் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், நீங்களே சொன்னதுதானே டீச்சர் என்று பெற்றோர்கள் மரியாதையாகக் கேட்டு, ஒவ்வொருவராக அழைத்துப் போனார்கள். குப்புராஜ் மாதக் கடைசி வரை டைம் கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

ஷைனி இப்போதும் திருநின்றவூரில் காலை ஏழே முக்காலுக்கு ரயில் ஏறுகிறாள். பெண்கள் பெட்டியில், கதவுக்குப் பக்கத்துக் கம்பியை அவள் பிடித்தால் அம்பத்தூர் வரை பெட்டிக்குள் ஒரு சத்தமும் இருக்காது. சக்கரம் கேட்காது, போன் கேட்காது, சுண்டல் விற்பவள் வாயை அசைத்துக்கொண்டு போவாள். பேச வேண்டியவர்கள் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் வேலை பார்த்துத் திரும்பும் நர்சுகளும், விடியுமுன் எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டிய பெண்களும் அவளுக்காகவே இந்தப் பெட்டியில் ஏறுகிறார்கள். என்றாவது அவள் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றால், "இன்னாம்மா, கைய வைக்கலியா?" என்று கேட்டு நகர்ந்து இடம் விடுகிறார்கள். அவள் கையை வைக்கிறாள். எல்லோரும் தூங்குகிறார்கள்.